சர்வருக்கு ஆயுத பூசை

அப்டேட் செய்வது எப்படி என்று நீங்கள் என்னிடம் கேட்கத் தேவையில்லை. இப்போது அது தன்னைத் தானே செய்துகொள்கிறது. நீங்கள் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு பச்சைக் குறி வந்து நிற்கிறது. எல்லாம் நலம் என்று நீங்களும் நம்பிவிடுகிறீர்கள். நம்பிக்கை நல்ல குணம்தான். டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறவருக்கு மட்டும் அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

எப்போது கை வைக்கக் கூடாது என்பதைத்தான் எந்த மென்பொருளும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நான் அதை ஒரு பஞ்சாலையில் கற்றுக்கொண்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லிவைக்கிறேன். கேட்டுவிட்டு வழக்கம்போல் மறந்துவிடலாம். தேவைப்படும் அன்று தானாக நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகிற சாலையில் இருந்தது அந்த ஆலை. பெயர் வேண்டாம். டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பதவி அந்த வட்டாரத்துக்கு அப்போது வந்து சேரவில்லை. என்னைக் ‘கம்ப்யூட்டர் சாரு’ என்றார்கள். திருச்சுழி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் என் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், தன் மகளுக்குக் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுத் தர முடியுமா என்று விசாரிப்பார். முடியாது என்றால், இவர் சரியாகப் படிக்கவில்லை போல என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆலையிலேயே ஏ.சி. இருந்தது கம்ப்யூட்டர் அறையில் மட்டும்தான். பஞ்சுத் தூசி உள்ளே வரக் கூடாது என்பதற்காகச் செருப்பை வெளியே கழற்றச் சொல்லியிருந்தேன். அதில் ஒரு பக்கவிளைவை நான் எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ச்சியான, அரையிருட்டான ஓர் அறைக்குள் நுழைகிறவர்களுக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். முதலாளிக்கும் அப்படித்தான். வயதானவர், பக்திமான், வியாபாரக் குடும்பம். சர்வரை ஒரு நாளும் ‘அது’ என்று சொன்னதில்லை. “இவுக இன்னைக்கு எப்படி இருக்காக?” என்றுதான் கேட்பார். அந்த மரியாதையின் உச்சமாக, அந்த வருடம் பஞ்சு வரவு, கலப்பு, நூல் இருப்பு எல்லாவற்றுக்கும் இருந்த பதிவேடுகளை நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர் இருக்கும்போது நோட்டு எதற்கு என்பது அவர் வாதம்.

அதன் பொருள் இது. எந்த ஊர்ப் பஞ்சை எந்த லாட்டில் கலந்தோம், கிட்டங்கியில் இருக்கும் நூல் மூட்டைகளில் எது எந்த லாட் என்பது அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். வேறு வேறு கலப்பில் நூற்ற இரண்டு லாட் நூல் ஒரே தறிக்குப் போனால் நெய்யும்போது ஒன்றும் தெரியாது. சாயம் ஏற்றியதும் சேலையின் குறுக்கே வரி வரியாகப் பல்லைக் காட்டும். நெசவாளர் நம்மைத் தேடி வருவார். வணக்கம் சொல்ல இல்லை.

அந்த அறையில் என்னோடு வேலை பார்த்தவர் எஸ்தர். பாளையம்பட்டிக்காரர், கணிதம் படித்தவர், ஆபரேட்டர். சபைக்குத் தவறாமல் போகும் குடும்பம். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான். தற்காலிகமாகச் சேர்ந்தவருக்குத் தீபாவளிக்கு முன் நிரந்தர ஆர்டர் வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிவிடுவார்கள். ஆலை மேனேஜருக்கு அந்த நாற்காலியில் தன் மச்சினன் மகனை உட்கார வைக்க ஆசை. பையன் வேகமாக டைப் அடிப்பான். டேட்டாபேஸ் என்பதும் ஒரு மாதிரியான டைப்தான் என்பது மேனேஜரின் ஆழ்ந்த நம்பிக்கை.

டேட்டாபேஸுக்குப் புதிய வெர்ஷன் வந்திருந்தது. பழையதில் ஒரு கோளாறு, மாற்றியே ஆக வேண்டும். ஆனால் ஆலை மூன்று ஷிப்டும் ஓடுகிறது. தீபாவளி, பொங்கலுக்கு நிற்கும்போது ஜெனரேட்டர் பார்க்கிற ஆள்கூட ஊரில் இருக்க மாட்டார். ஆலையும் நின்று, ஆட்களும் இருக்கிற ஒரே நாள் ஆயுத பூசை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“ஆயுத பூசை அன்னைக்கா?” என்றார். “சாமி கும்பிட்ட மிஷினை மறுநாள் காலையில பூசை முடிச்சுத்தான் தொடணும். அன்னைக்கு ஒரு ஸ்பேனரைக்கூட ஒருத்தரும் எடுக்க மாட்டாக. நீங்க கம்ப்யூட்டரையே பிரிக்கணும்ங்கிறீக.”

“பிரிக்கலைங்கய்யா. உள்ள இருக்கிற புரோகிராமை மட்டும் மாத்துறோம்.”

“உள்ள மாத்துனா தொட்ட மாதிரி இல்லையா?”

நான் படித்த எந்தக் கையேட்டிலும் இதற்குப் பதில் இல்லை. அவரே யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

“ஒண்ணு செய்வோம். காலையில முதப் பூசை கம்ப்யூட்டருக்கு. நானே வந்து செஞ்சிருதேன். மத்தியானம் ஒரு தேங்காய ஒடச்சு உத்தரவு வாங்கிட்டு நீங்க தொட்டுக்கங்க. சரஸ்வதிக்குப் புரியும். படிப்புச் சம்பந்தப்பட்டதுதானே?”

அப்டேட்டுக்கு நான் வாங்கிய ஒப்புதல்களிலேயே உயர்ந்த இடத்திலிருந்து வந்தது அதுதான்.

முந்தின நாள் சாயங்காலம் ஆலை நின்றதும் எஸ்தர் பேக்கப் எடுத்தார். அந்தக் காலத்து டேப் ஒரு சின்னப் புத்தகம் அளவு பிளாஸ்டிக் பெட்டி. அதன் முன்விளிம்பில் ஒரு குட்டிக் கதவு இருக்கும். டிரைவுக்குள் போனதும் கதவு திறக்கும். உள்ளே ஓடும் நாடாவை டிரைவின் தலை தொட்டுப் படிக்கும். இரண்டு டேப்பில் எடுத்து, இரண்டையும் திரும்பப் படித்துச் சரிபார்த்தார். ஒன்று மேசையில் இருந்தது. இன்னொன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு இடம் கேட்டபோது மேனேஜர், “டேப்பு எங்க ஓடிப் போகப் போவுது?” என்று கேட்டிருந்தார். அதனால் அது எஸ்தரின் வயர் கூடையில் ஏறி பாளையம்பட்டிக்குப் போய், அவர் வீட்டு பீரோவில் பட்டுச்சேலைக்கும் பைபிளுக்கும் நடுவில் தங்கியது. அதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்கும் தெரியாது.

பூசை அன்று காலை நான் ஜெனரேட்டர் அறையில் இருந்தேன். மத்தியானம் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உடனே ஓட வேண்டும் என்று அதைப் பார்க்கிற ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எஸ்தர் வழக்கம்போல் வராந்தாவில் நின்றார். அதில் மனக்கசப்பு ஏதும் கிடையாது. பூசையின்போது வெளியே நிற்பார், முடிந்ததும் பொரியும் கடலையும் எல்லாரையும்விட அதிகமாக வாங்கிக்கொள்வார். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போனார், முதல் பூசையைச் செய்து முடித்தார், மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார்.

மத்தியானம் தேங்காய் உடைத்து, உத்தரவு வாங்கி, நாங்கள் உள்ளே போனோம். மானிட்டர், கீபோர்டு, யு.பி.எஸ்., ஏ.சி., டெலிபோன் எல்லாம் பொட்டும் பூவுமாக இருந்தன. சர்வருக்குச் சாமந்தி மாலை. காற்றுப் போகிற வழியை அடைத்திருந்ததால் அதை மட்டும் எடுத்து மானிட்டருக்குப் போட்டோம். வேலை தொடங்கியது.

கோப்புகளைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றுகிற கட்டம் பாதி வழியில் நின்றது. திரையில் வந்த செய்தி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பழைய வெர்ஷன் ‘இது என்னுடையது இல்லை’ என்றது. புதியது ‘இது இன்னும் என்னுடையது ஆகவில்லை’ என்றது. சென்னையில் மென்பொருள் விற்றவர்களுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்களும் டெலிபோனுக்குப் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

மேனேஜர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். “இன்னொரு தடவ போட்டுப் பாருங்க சார். எங்க வீட்டு மோட்டாரு ரெண்டாவது தடவதான் எடுக்கும்.”

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பாதி மாறிய டேட்டாவின் மேல் ‘இன்னொரு தடவை’ என்பதுதான் நம் தொழிலில் மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு. முதல் தடவை உடைந்தது எது என்று நமக்குத் தெரியும். இரண்டாவது தடவைக்குப் பிறகு அதுவும் தெரியாது. கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்டேட் இன்று இல்லை, பழைய நிலைக்கே திரும்புவோம் என்றேன். எஸ்தர் தலையாட்டினார். பேக்கப் டேப்பை எடுக்க மேசையைச் சுற்றி வந்தார்.

அவர் வந்து சேருவதற்குள் மேனேஜர், “இதுதானே?” என்று டேப்பை எடுத்து டிரைவுக்குள் தள்ளிவிட்டார்.

காய்ந்த மிளகாயை அம்மியில் வைத்து இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அது வந்தது. திரையில் படிக்க முடியவில்லை என்று எழுத்து. எஸ்தர் பாய்ந்து வெளியே எடுத்தார். மேனேஜர் பார்த்தது டேப்பின் மேலே ஒட்டியிருந்த சீட்டை. முன்விளிம்பை அவர் பார்க்கவில்லை. அங்கே, அந்தக் குட்டிக் கதவின் மேல், அழகாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. ஈரமாக உள்ளே இறங்கி, ஏ.சி. குளிரில் காய்ந்து, இப்போது மஞ்சள் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. நாடாவில் நெடுகக் கீறல் விழுந்திருந்தது.

“சார், வாயில வச்சிருக்காக” என்றார் எஸ்தர், மெதுவாக.

பேக்கப் எடுத்தோம், சரிபார்த்தோம், எழுதி ஒட்டினோம். விதிமுறையில் ஒன்றுகூட விடவில்லை. விதிமுறை எழுதியவர்கள் கலிபோர்னியாவில் இருந்தார்கள். அங்கே சந்தனம் கிடைப்பதில்லை.

“அதான் வீட்டுல இன்னொண்ணு இருக்குல்ல? போய் எடுத்துட்டு வாம்மா” என்றார் மேனேஜர். குரலில் வழக்கமான கனம் இல்லை.

“வாரேன் சார்” என்று எஸ்தர் டவுன் பஸ் பிடித்துப் போனார்.

திரும்பி வந்தபோது வயர் கூடையை இடுப்போடு அணைத்திருந்தார். பஸ்ஸுக்கும் அன்று பூசை போலிருக்கிறது. வாழைக்கன்று கட்டி, கண்ணாடி முழுக்கச் சந்தனம். “கண்டக்டரு தட்டோட வந்து, ‘கூடைக்கும் ஒரு பொட்டு வைக்கட்டா தாயி’ன்னாரு சார். கூடையைத் தூக்கிட்டு கடைசி சீட்டுக்கே ஓடிட்டேன்” என்றார். அன்று நாங்கள் இருவரும் சிரித்தது அப்போதுதான்.

மேனேஜர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். “கொடும்மா.”

“இல்ல சார்.”

“என்னது, இல்லையா?”

“டிரைவு தலையில சந்தனம் ஒட்டியிருக்கு சார். இதைப் போட்டா இதுவும் கீறிப் போயிரும். இதுக்கப்புறம் எங்க பீரோல சேலைதான் இருக்கு.”

“முதலாளி சாயங்காலம் வந்துருவாரு. காலையில மில்லு ஓடணும். நீ பாடம் நடத்துறியா?” மேனேஜர் ஓர் அடி முன்னால் வந்தார். “உன் ஆர்டரு பேப்பரு எங்கிட்டதான் வந்து நிக்கிது. தெரியும்ல?”

வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு கணம் எஸ்தரின் கண்ணில் வந்து போயிருப்பார்கள். ஆனால் கூடை மட்டும் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாறியது, மேனேஜரின் கைக்கு எட்டாத பக்கம்.

நான் எழுந்து நடுவில் நின்றேன். “டேப் அவங்க பொறுப்பு. நான் சொல்ற வரைக்கும் அது கூடையிலதான் இருக்கும்” என்றேன்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன். கடைசி நல்ல நகல் கையில் இருக்கும்போது உலகமே உங்களை அவசரப்படுத்தும். அதைச் சோதித்துப் பார்க்காத டிரைவில் போடச் சொல்லும். போடாமல் இருக்கும் வரை உங்களிடம் எல்லாம் இருக்கிறது. தப்பாகப் போட்ட அந்த நொடியில் ஒன்றும் இல்லை. அதனால் முதலில் டிரைவை நம்பத் தகுந்ததாக்குங்கள். காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும். அதற்காகத்தான் நாற்காலிகள்.

தலையைத் துடைக்க வேண்டும். மேனேஜர் ஆலை மருந்தறையிலிருந்து ஸ்பிரிட் கொண்டுவரச் சொன்னார். அதில் எண்ணெய் கலந்திருக்கலாம், வேண்டாம் என்றேன். பஞ்சு கொண்டுவரவா என்றார். பஞ்சாலையில் பஞ்சுக்கா குறை! ஆனால் அதன் இழை ஒன்று ஒட்டினாலும் போச்சு. அவருடைய ஸ்கூட்டரையே வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போனேன். பண்டிகை நாளில் கதவு திறந்திருந்த ஒரே தொழில்நுட்ப நிறுவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த வீடியோ கேசட் கடை. தலை துடைக்கிற திரவமும் அதற்கான குச்சியும் கேட்டேன்.

“டெக்குல படம் ஆடுதா சார்?”

“ஆடல. நின்னே போச்சு.”

“என்ன படம்?”

“மில்லுப் படம்.”

“புதுசா? நம்ம கடைக்கு வரலையே” என்று அவர் வருத்தப்பட்டார். கடையில் ஓடிக்கொண்டிருந்த டெக்கிலும் பொட்டு இருந்தது. மேல்மூடியில், வாய்க்கு வெகு தூரத்தில். பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

திரும்பி வந்து துடைத்தோம், குச்சியில் மஞ்சள் வராத வரைக்கும். பிறகும் நல்ல டேப்பைப் போடவில்லை. யாருக்கும் தேவைப்படாத ஒரு பழைய டேப்பைப் போட்டு எழுதினோம், படித்தோம், ஒப்பிட்டோம். மறுபடியும் செய்தோம். மேனேஜர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். எல்லாம் சரியாக வந்ததும் எஸ்தரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அவர் கூடையிலிருந்து டேப்பை எடுத்தார். டிரைவ் அதன் மேல் எதையும் எழுதிவிடாதபடி அதிலுள்ள திருகைத் திருப்பினார். முன்விளிம்பை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். டிரைவ் அதன் வழக்கமான முனகலோடு ஓடத் தொடங்கியது. அந்த முனகல் இவ்வளவு இனிமையானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. வெளியே வெயில் இறங்குவதற்குள் பழைய வெர்ஷனும் பழைய டேட்டாவும் திரும்பி வந்திருந்தன. நாலைந்து லாட்டைக் கிட்டங்கியில் போய் மூட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார். “இவுகளுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னாகளே?”

சரியாகிவிட்டது என்று நான் வாய் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். “பேக்கப்பு டேப்பு கெட்டுப் போச்சுங்கய்யா. எஸ்தரு பொறுப்புல இருந்த டேப்பு. பூசை நேரத்துல பிள்ள அறையிலேயே இல்ல. வெளிய நின்னுருக்கு. உள்ள இருந்து பாத்திருந்தா இந்தக் கதி வருமா?”

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அதன் அழகு.

தூசி என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பஞ்சாலையில் எதற்கு வேண்டுமானாலும் தூசியின் மேல் பழி போடலாம், அது மறுத்துப் பேசாது. ஆனால் நான் தூசி என்றால் மேனேஜர் சொன்னது அப்படியே நிற்கும். தீபாவளிக்கு முன் எஸ்தர் வீட்டுக்குப் போவார். கெட்டுப்போன டேப்பை எடுத்து முதலாளியின் கையில் வைத்தேன்.

“ஐயா, இது நீங்க வச்ச பொட்டு.”

மேனேஜர் கூரையைப் பார்த்தார். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் வச்சதாலயா?”

“ஆமாங்கய்யா. இது டேப்போட வாயி. வாயில சந்தனம் போயிருச்சு.”

“வாயா?” அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. “முன்னால இருக்கே, நெத்தின்னுல்ல நெனச்சேன்! பாத்துப் பாத்து வச்சேனே.” டேப்பிலிருந்து தலை நிமிர்ந்தார். “ஏன்யா ஒருத்தரும் சொல்லல?”

“இது வாயின்னு தெரிஞ்சவுக ரெண்டே பேரு. ரெண்டு பேருமே வெளிய இருந்தோம்.”

அவர் எஸ்தர் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீ ஏன் உள்ள வரல?”

“பூசை நடக்குதேன்னுதாங்கய்யா…”

“நீ கும்பிட வேணாம்மா. உன் சாமிய நீ கும்பிடு. பக்கத்துல நின்னு, ‘பெரியவரே, அதுல வைக்காதீக’ன்னு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? எனக்கு என்ன தெரியும்?” டேப்பைக் கீழே வைத்தார். “இன்னொண்ணு வச்சிருந்தது யாரு?”

“அவங்கதாங்கய்யா. மேனேஜர் கேட்டும் சட்டுன்னு கொடுக்காம, டிரைவைத் துடைச்சப்புறம்தான் எடுத்தாங்க. கொடுத்திருந்தா காலையில மில்லு ஓடாது” என்றேன்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். “இந்தப் பிள்ளயோட ஆர்டரு எங்க?”

“இன்னும் டைப் அடிக்கலைங்கய்யா.”

“உங்க மச்சினன் மகன் நல்லா டைப் அடிப்பான்னு நாலஞ்சு தடவ சொன்னீகல்ல? அவனக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லுங்க.”

மறுநாள் பூசை முடிந்ததும் பையன் வந்து அடித்தான். உண்மையிலேயே வேகமாகத்தான் அடித்தான். ஒரு பிழை இல்லை.

அந்த வருடம் முழுவதும் பழைய வெர்ஷனிலேயே ஆலை ஓடியது. கோளாறைச் சுற்றிக்கொண்டு போகிற வழியை எஸ்தர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அப்டேட் பாதியில் நின்ற காரணத்தைச் சென்னைக்காரர்கள் நிதானமாகக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அது உங்களுக்குச் சுவாரசியப்படாது, எனக்கே படவில்லை. செயல்முறைக் கையேட்டில் நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன். பூசை முடிகிற வரை டேப்புகள் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும் என்று. கலிபோர்னியாவுக்கு அனுப்பவில்லை.

அடுத்த ஆயுத பூசை வந்தது. அதே ஏற்பாடு. காலையில் முதல் பூசை, மத்தியானம் தேங்காய், பிறகு அப்டேட். இந்தத் தடவை ஜெனரேட்டர் அறைக்கு நான் முந்தின நாளே போய்வந்துவிட்டேன். எஸ்தர் அறைக்குள்ளேயே, டேப் அலமாரியின் மேல் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளி கிண்ணத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தார்.

“மானிட்டரு?”

“வைக்கலாம்ங்கய்யா.”

“கீபோர்டு?”

“ஓரமா வைங்கய்யா. எழுத்து மேல வேணாம்.”

“இந்த அலமாரி?”

“கதவுல தாராளமா வைங்கய்யா.”

சர்வருக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். விரல் டிரைவின் வாய்க்கு நேராகப் போய், அந்தரத்தில் நின்றது. எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார், பரீட்சை எழுதுகிறவர்போல.

“நெத்தி மேல இருக்குங்கய்யா” என்றார் எஸ்தர்.

விரல் மேலே போனது. பொட்டு நெற்றியில் விழுந்தது. மேனேஜர் மணி அடித்தார். மத்தியானம் ஆரம்பித்த அப்டேட், பொரி தீருவதற்குள் முடிந்துவிட்டது.